வேதாளம் ஏறிய மரங்கள்

விட்டொழித்த பழக்கத்தை ஒருவர் மறுபடி பிடித்துக்கொண்டால், ‘வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யாரும் விளக்கம் கேட்பதில்லை. மயானத்து மரத்தில் தொங்கும் பிணம், அதை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் விக்கிரமாதித்தன், பிணத்துக்குள் இருந்து கதை சொல்லும் வேதாளம், கதை முடிந்ததும் ஒரு கேள்வி. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தாலோ வேதாளம் மரத்துக்கே பறந்துவிடும். இவ்வளவும் நமக்கு எட்டு வயதுக்குள் தெரிந்துவிடுகிறது.

அது ஏன் முருங்கை மரம்? சமஸ்கிருத மூலத்தில் முருங்கையே கிடையாது. அங்கே வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். வடக்கே சீஷம் என்கிறார்களே, நம் ஈட்டி மரத்துக்கு உறவு, அந்த மரம். வால்மீகியின் சீதை அசோகவனத்தில் அமர்ந்திருந்ததும் சிம்சுபாவின் அடியில்தான். இந்திக்குப் போன வேதாளம் வாகை மரத்தில் தொங்கியது. தமிழுக்கு வந்தபோது கொல்லைப்புறத்து முருங்கையைப் பிடித்துக்கொண்டது. போகிற ஊரில் எந்த மரம் மக்களுக்குப் பழக்கமோ அதில் ஏறிக்கொள்ளும் இந்தக் குணம்தான் இந்தக் கதைகளை ஆயிரம் ஆண்டுகளாக வாழவைத்திருக்கிறது. இதைவிட எனக்கு வியப்பான செய்தி வேறொன்று. பேய்க் கதை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இந்தப் புத்தகம், நெடுங்காலம் இளம்பிள்ளைகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கும் பாடநூலாக இருந்திருக்கிறது.

கதையின் வேரைத் தேடிப் போனால் அங்கேயும் ஒரு மொழிப் பாடம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இடம், கோதாவரிக் கரையிலுள்ள பிரதிஷ்டானம். இன்றைக்கு மகாராஷ்டிரத்தில் பைட்டண் என்று பட்டுப்புடவைக்குப் பேர்போன ஊர். அங்கே சாதவாகன மன்னன் ஒருவன் அரசிகளோடு நீராடிக்கொண்டிருந்தானாம். அவன் தண்ணீரை வாரி இறைத்ததில் களைத்துப்போன ஓர் அரசி, என்மேல் நீரை இறைக்க வேண்டாம் என்று சமஸ்கிருதத்தில் சொன்னாள். ‘மா’ என்றால் வேண்டாம். ‘உதகம்’ என்றால் நீர். இரண்டும் புணர்ந்து மன்னனின் காதில் ‘மோதகம்’ என்று விழுந்தது. உடனே ஆளனுப்பி மோதகம் வரவழைத்தான். சந்தி தெரியாத கணவனைப் பார்த்து அவள் சிரிக்க, மன்னன் அவமானத்தில் படுக்கையில் விழுந்தான்.

இலக்கணம் படித்தே தீர வேண்டும் என்று அவன் பிடிவாதம் பிடித்தபோது, அமைச்சர் குணாட்டியர், எல்லோருக்கும் பன்னிரண்டு ஆண்டு ஆகும், உங்களுக்கு ஆறே ஆண்டில் கற்றுத் தருகிறேன் என்றார். சர்வவர்மர் என்ற இன்னொருவர் எழுந்து, ஆறு மாதம் போதும் என்றார். அப்படி நடந்துவிட்டால் சமஸ்கிருதம், பிராகிருதம், நாட்டு மொழி மூன்றையும் துறந்துவிடுகிறேன் என்று குணாட்டியர் சபதம் செய்தார். சர்வவர்மர் சொன்னதைச் செய்து காட்டிவிட்டார். அவர் பெயரால் வழங்கும் எளிய இலக்கண நூலான காதந்திரத்தை வங்காளத்திலும் காஷ்மீரத்திலும் திபெத்திலும் மாணவர்கள் பல நூற்றாண்டுகள் படித்தார்கள்.

தோற்ற குணாட்டியருக்கு மிஞ்சிய மொழி ஒன்றுதான்: பிசாசுகளின் மொழி எனப்பட்ட பைசாசம். காட்டில் மை கிடைக்காமல் தன் ரத்தத்தைத் தொட்டு ஏழு லட்சம் சுலோகங்கள் எழுதினார். மன்னன் அதை ஏற்க மறுத்தான். குணாட்டியர் ஒரு குன்றின்மேல் தீ வளர்த்து, ஒவ்வோர் ஏடாக வாய்விட்டுப் படித்து நெருப்பில் போட்டார். மானும் பன்றியும் இரை தேடப் போகாமல் சுற்றி நின்று கண்ணீரோடு கேட்டன. அரண்மனைச் சமையலறைக்கு வந்த இறைச்சி காய்ந்து சாரமற்றுப் போயிற்று; மன்னனுக்கு நோய் கண்டது. காரணம் தெரிந்து அவன் ஓடிவந்தபோது எரியாமல் எஞ்சியது ஒரு லட்சம். பிருகத்கதை என்பது அதுதான் என்கிறது மரபு.

அந்தப் பைசாச மூலமும் இன்று இல்லை. பிள்ளைகள் மட்டும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம் வீட்டுப் பிள்ளை. கொங்கு நாட்டு விசயமங்கலத்துக் கொங்குவேளிர் உதயணன் கதையைப் ‘பெருங்கதை’ என்று தமிழில் பாடினார், உ.வே.சாமிநாதையர் 1924-இல் அதை அச்சேற்றினார். ஆனால் நமக்குக் கிடைத்திருக்கும் பெருங்கதையில் வேதாளத்தைக் காணோம். காஷ்மீரத்தில்தான் அது அகப்படுகிறது. தனியே உலவிக்கொண்டிருந்த ஒரு கதைக் கொத்து, வடக்கே எங்கேயோ இந்தப் பெருங்கடலில் வந்து கலந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

11-ஆம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் க்ஷேமேந்திரர் பிருகத்கதையைச் சுருக்கமாக எழுதினார். அவருக்குச் சற்றுப் பின், 1063-க்கும் 1081-க்கும் இடையில், அரசி சூரியமதியின் மனக்கவலை தீர்வதற்காகச் சோமதேவர் கதாசரித்சாகரத்தை எழுதினார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சுலோகங்கள் கொண்ட அந்த நூலின் 12-ஆம் பகுதியில், அலைகள் எனப்படும் இருபத்தைந்து அத்தியாயங்களாக வேதாளம் வருகிறது. சோமதேவரின் அரசனுக்குப் பெயர் திரிவிக்கிரமசேனன். அவன் ஊர், மறுபடியும் அதே பிரதிஷ்டானம்!

சோமதேவர் கதையைத் தொடங்கும் அழகுக்காகவே அவரைப் படிக்கலாம். ஒரு துறவி தினமும் அரசவைக்கு வந்து ஒரு பழத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போகிறான். அரசன் அதை வாங்கிப் பொக்கிஷதாரனிடம் கொடுத்துவிடுகிறான். இப்படியே பத்து ஆண்டுகள். ஒருநாள் அவைக்குள் புகுந்த ஒரு குரங்கின் கையில் அரசன் அந்தப் பழத்தைக் கொடுக்க, அது கடித்ததும் உள்ளிருந்து விலைமதிப்பற்ற ரத்தினம் உருண்டு விழுகிறது. பழைய பழங்கள் எங்கே என்று கேட்டால், பொக்கிஷ அறையின் ஜன்னல் வழியாக உள்ளே வீசிவந்தேன் என்கிறான் பொக்கிஷதாரன். கதவைத் திறந்து பார்க்கிறார்கள். பழமெல்லாம் அழுகி மண்ணாகியிருக்க, நடுவில் ரத்தினக் குவியல் ஒளிவிடுகிறது. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் அரசன் துறவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நள்ளிரவில் மயானத்துக்குப் போய்ப் பிணத்தைச் சுமக்கிறான்.

இருபத்துமூன்று கேள்விகளுக்கு அரசன் பதில் சொல்லிவிடுகிறான். இருபத்துநான்காவதில் வாயடைத்துப் போகிறான். ஒரு தகப்பனும் மகனும் காட்டு வழியில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய பாதத்துக்காரி தகப்பனுக்கு, சிறிய பாதத்துக்காரி மகனுக்கு என்று பேசி வைத்துக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். மகளுக்குத்தான் பாதம் பெரிது. சொன்ன சொல் மாறாமல் தகப்பன் மகளையும், மகன் தாயையும் மணந்துகொள்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பிறக்கும் குழந்தைகள் ஒருவரையொருவர் என்ன முறை சொல்லி அழைக்க வேண்டும்? முறை பார்த்துப் பேசிப் பழகிய நம் வீடுகளில் இன்றைக்கும் இதைக் கேட்டால் பாட்டிகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடுவார்கள். அரசன் பதில் தெரியாமல் மௌனமாக நடக்க, வேதாளம் அவனை மெச்சி, துறவியின் சூழ்ச்சியைச் சொல்லிக் காப்பாற்றுகிறது. பிறகு ஒரு வரமும் தருகிறது. அரசன் கேட்பது பொன்னோ நிலமோ அல்ல. இந்தக் கதைகள் உலகெங்கும் புகழ்பெற வேண்டும் என்று கேட்கிறான்.

அந்த வரம் பலித்தது. இமயத்தைத் தாண்டித் திபெத்துக்குப் போன வேதாளத்தை, பௌத்த ஆசான் நாகார்ஜுனருக்காக ஓர் இளைஞன் சுமக்கிறான். அங்கே கேள்வி கிடையாது. கதையின் சுவையில் தன்னை மறந்து அவன் ‘அடடா’ என்று வாய்விட்டால் போதும், பிணம் பறந்துவிடும். எனக்குக் கேள்வியோடு கூடிய நம் வடிவமே மேல் என்று தோன்றுகிறது. ஆனாலும் கதை கேட்கும் பிள்ளையின் முகத்தை அறிந்த ஒருவர்தான் அந்த ‘அடடா’வை யோசித்திருக்க முடியும். திபெத்திலிருந்து மங்கோலியர்கள் அதை ‘சித்தி கூர்’ என்று வாங்கிக்கொண்டார்கள். ‘சித்தி’ என்ற நம் சொல் அதில் அப்படியே இருக்கிறது. கல்மிக் இடையர்களோடு சேர்ந்து அது வோல்கா நதிக்கரைக்கும் போனது. அங்கே சுற்றித் திரிந்த பெஞ்சமின் பெர்க்மன் என்பவர் அதைக் கேட்டு எழுதி, தன் பயண நூலில் ஜெர்மன் மொழியில் சேர்த்தார். ரீகா நகரில் அந்த நூல் 1804-05-இல் அச்சானது.

அதே 1805-இல், உலகின் இன்னொரு மூலையில், கல்கத்தாவில் வேதாளம் இன்னொரு முறை அச்சேறியது. இரண்டு பக்கத்தாரில் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கல்கத்தாப் பதிப்பின் வழி வேறு. ஜெய்ப்பூரை நிறுவியவர், ஜந்தர் மந்தர் வானாய்வுக் கூடங்களைக் கட்டியவர் என்று நாம் அறிந்த சவாய் ஜெய்சிங், சூரத் கவீஸ்வர் என்ற புலவரைக் கொண்டு சமஸ்கிருத வேதாளத்தைப் பிரஜ் மொழியில் எழுதவைத்தார். நூறாண்டு ஆவதற்குள் அது வில்லியம் கோட்டைக் கல்லூரியின் மேசைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்குக் கப்பலேறி வந்தவர்களில் பலர் மீசை அரும்பாத பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள். ஊர் மொழி ஒரு சொல் தெரியாது. அவர்களுக்குப் பாடம் நடத்த 1800-இல் வெல்லெஸ்லி பிரபு தொடங்கிய கல்லூரி அது. பாடம் நடத்த உரைநடைப் புத்தகம் வேண்டுமே! மஸ்ஹர் அலி கான் விலா, லல்லூ லால் என்ற இரு முன்ஷிகள் பிரஜ் வேதாளத்தை இந்துஸ்தானியில் பேசவைத்தார்கள். ‘பைத்தால் பச்சீசி’ பிறந்தது.

மொழி பழகுவதற்கு இதைவிடத் தோதான நூல் கிடைப்பது கடினம். ஒவ்வொரு கதையும் சிறியது. ஒரே அமர்வில் முடிந்துவிடும். தொடக்கமும் முடிவும் ஒவ்வொரு முறையும் ஒன்றே. அதனால் மூன்றாம் பாடத்துக்குள் பாதிச் சொற்கள் மனப்பாடம். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. புரிந்ததா என்று ஆசிரியர் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. பிறகு இது இங்கிலாந்துக்கும் போனது. கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரிக்கு அருகிலிருந்த ஹெர்ட்ஃபோர்டில் 1855-இல் வந்த பதிப்பின் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்து பாருங்கள். மேலே தேவநாகரியில் ஒரு சொல். அதன் நேர்கீழே அதே சொல் பாரசீக எழுத்தில். அதற்கும் கீழே ஆங்கிலப் பொருள். இப்படியே சொல்லுக்குச் சொல், வரிக்கு வரி, இருபத்தைந்து கதைகள்.

இதே வேலையைத் தலைகீழாகச் செய்தவர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர். வில்லியம் கோட்டைக் கல்லூரிக்காக இந்தி வேதாளத்தை வங்காள மொழியில் எழுதித் தந்தார். 1847-இல் வந்த ‘வேதாள பஞ்சவிம்சதி’ அவரது முதல் புத்தகம். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வெள்ளைக்காரப் பையன்களுக்கென்று எழுதிய அந்த நடை, வங்காளிப் பிள்ளைகளுக்கே உரைநடை எப்படி இருக்கலாம் என்று காட்டிவிட்டது. எட்டு ஆண்டு கழித்து அவர் எழுதிய ‘வர்ண பரிச்சய’ என்ற அரிச்சுவடி இன்றைக்கும் வங்காளத்தில் அச்சாகிறது. அரிச்சுவடி எழுதிய கை, வேதாளத்தில் பழகிய கை.

தமிழ் வேதாளத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரின் கதை இன்னும் விசித்திரம். பெஞ்சமின் கை பாபிங்டன் கம்பெனி உத்தியோகத்தில் சென்னைக்கு வந்தவர். தமிழை ஆழமாகக் கற்றவர். வீரமாமுனிவரின் செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். பரமார்த்த குரு கதையை 1822-இல் லண்டனில் தமிழும் ஆங்கிலமுமாக வெளியிட்டார். உடல்நலம் கெட்டு ஊர் திரும்பியவர் மருத்துவம் படித்து டாக்டரானார். 1829-இல் தொண்டைக்குள் கண்ணாடியை நீட்டிக் குரல்வளையைப் பார்க்கும் கருவி ஒன்றைச் செய்து காட்டினார். இன்று காது, மூக்கு, தொண்டை மருத்துவர்கள் கையாளும் கருவியின் மூதாதை அது. அடுத்த இரண்டாண்டில், 1831-இல், அவர் மொழிபெயர்த்த தமிழ் ‘வேதாளக் கதை’ வெளிவந்தது. வாயைத் திறக்கக் கூடாத அரசனின் கதையைப் பெயர்த்தவரும், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்க்க வழி கண்டவரும் ஒருவரே!

இந்துஸ்தானிப் பரீட்சையில் முதலாவதாகத் தேறிய இன்னொரு இளைஞர் ரிச்சர்ட் பர்ட்டன். பின்னாளில் ஆயிரத்தொரு இரவுகளை மொழிபெயர்த்துப் பெயர் வாங்கியவர். 1870-இல் அவர் பதினொரு வேதாளக் கதைகளைத் தன் இஷ்டப்படி நீட்டி, மாற்றி எழுதினார். வேதாளத்துக்கு ஆங்கிலத்தில் சொல் கிடைக்காமல் ‘வாம்பயர்’ என்று பெயர் சூட்டிவிட்டார். அது தவறு என்றே சொல்வேன். நம் வேதாளம் யாருடைய ரத்தத்தையும் குடித்ததில்லை. பிணத்துக்குள் புகுந்துகொள்ளும், கதை சொல்லும், அரசனின் உயிரையும் காக்கும்.

ஒரே ஒரு கதை மட்டும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தனியாக ஊர் சுற்றியது. தலை மாறிய கதை. கோயிலில் தலையைப் பலிகொடுத்துவிட்ட இருவரையும் தேவி பிழைக்க வைக்கும்போது, பதற்றத்தில் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இனி அவளுக்கு யார் கணவன்? கணவனின் தலை உள்ள உடல்தான் என்று அரசன் சட்டென்று சொல்லிவிடுகிறான். சோமதேவரில் அந்த இருவரும் கணவனும் அவளுடைய உடன்பிறந்தவனும். பிற்கால வடிவங்களில் சகோதரன் நண்பனாகிவிட்டான். அந்தச் சிறிய மாற்றம் கதையையே முக்கோணக் காதலாக்கிவிட்டது. 1940-இல் ஜெர்மன் நாவலாசிரியர் தாமஸ் மன் அரசன் நிறுத்திய இடத்திலிருந்து கதையை வளர்த்தார்: மாறிய உடல் தலைக்கு ஏற்ப மெல்ல மெல்ல மாறினால்? அதிலிருந்து பொறி எடுத்து 1971-இல் கிரீஷ் கர்நாட் கன்னடத்தில் ‘ஹயவதன’ நாடகத்தை எழுதினார். காஷ்மீரத்திலிருந்து கர்நாடகத்துக்கு ஜெர்மன் மொழியைச் சுற்றி ஒரு வழி.

தமிழ்நாட்டில் இதற்கிடையே பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை சந்தைகளிலும் திருவிழாக் கடைகளிலும் விற்றுக்கொண்டிருந்தது. பெயரிலேயே அதன் வாசகர் யாரென்று தெரிகிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்களுக்கும், கண் மங்கியவர்களுக்கும் பெரிய எழுத்து. பிறகு, விடுதலைக்கு ஒரு மாதம் முன்பு, 1947 ஜூலையில், நாகிரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினார்கள். காலப்போக்கில் பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்த அந்த மாத இதழ்கள் சென்னை வடபழனியில் உருவாயின.

அம்புலிமாமாவுக்கு ஒரு சிக்கல். மூலத்தில் இருப்பது இருபத்தைந்து கதை; மாதம் ஒன்று என்று வைத்தால் இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். எனவே சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே புதுக் கதைகளைப் பொருத்தினார்கள். நாட்டுப்புறத்துக் கதைகளும் பிற தேசத்துக் கதைகளும் வேதாளத்தின் வாயில் நுழைந்தன. இருபத்துநான்காம் கேள்வி மட்டும் வரவே கூடாது! அது வந்தால் விக்கிரமன் மௌனமாகிவிடுவான்; தொடர் நின்றுவிடும். ஆகவே பல பத்தாண்டுகள் அவன் மாதந்தோறும் வாய் திறந்தான், வேதாளம் மாதந்தோறும் மரமேறியது.

அந்தத் தொடரின் முகப்புப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர் என்ற கே.சி.சிவசங்கரன். ஒரு கையில் உருவிய வாள், தோளில் சாய்ந்த சடலம், காலடியில் மண்டை ஓடுகள், திரும்பிப் பார்க்காமல் நடக்கும் அரசன். ஒரே படம், கீழே எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறும். அவரும் கொங்கு நாட்டுக்காரர். வேதாளம் இல்லாத பெருங்கதையைத் தந்த மண்ணிலிருந்து, வேதாளத்துக்கு முகம் தந்த கலைஞர் வந்தார். 1924-இல் பிறந்த அவர் 2020-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குள் அம்புலிமாமாவும் நின்றுபோயிருந்தது.

1985-இல் ராமானந்த் சாகர் தூர்தர்ஷனுக்காக எடுத்த ‘விக்ரம் அவுர் பேத்தாள்’ தொடரில் அரசனாக நடித்த அருண் கோவில், இரண்டாண்டில் ராமராகி வீடு வீடாக ஆரத்தி வாங்கினார். 2017-இல் புஷ்கர்–காயத்ரி ‘விக்ரம் வேதா’வில் அரசனைப் போலீஸ்காரனாக்கினார்கள், வேதாளத்தை வடசென்னை ரவுடியாக்கினார்கள். கேள்வியை மட்டும் விடவில்லை.

அந்தக் கேள்விக்கு என்ன வலிமை என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் அக்கா மகள் வெளிமாநிலத்தில் படிக்கிறாள். பதின்மூன்று வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. சென்ற விடுமுறையில் வந்தவளிடம், பழைய பெரிய எழுத்துப் புத்தகம் ஒன்றை எடுத்துத் தலை மாறிய கதையைப் படித்துக் காட்டினேன். கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். “மாமா, ராஜா என்ன சொன்னார்?” என்று சாப்பிடும்போது கேட்டாள், படுக்கும்போது கேட்டாள். புத்தகத்தில் இருக்கிறது என்றேன். காலையில் எழுந்து பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்து விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் தடுமாறினாள், ‘ஞ’ வந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டாள். அந்த ஒரு பத்திக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. படித்து முடித்ததும் அரசன் சொன்ன பதில் தப்பு என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

உங்கள் வீட்டிலும் தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத ஒரு பிள்ளை இருந்தால், இந்த விடுமுறைக்கு ஒரு வேதாளக் கதைப் புத்தகம் வாங்கி வையுங்கள். கதையை நீங்களே சொல்லுங்கள். பதிலை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.